புதிதாக வந்திருக்கும் ஓப்பன் சோர்ஸ் ஈவென்ட் லைப்ரரியை (பல கனெக்‌ஷன்களை ஒரே லூப்பில் கவனிக்க உதவுவது) நம்பி சர்வர் எழுதலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

முதலில் அந்த லைப்ரரி காட்டும் பெஞ்ச்மார்க் (வேக ஒப்பீடு) படத்தை மூடிவையுங்கள். லினக்ஸில் லிப்ஈவென்ட், லிப்யூவி போன்ற பழைய லைப்ரரிகள், நேற்று வந்தது எல்லாமே பெரும்பாலும் அடியில் ஈபோல் என்ற, எந்தக் கனெக்‌ஷன் தயார் என்று சொல்லும் கெர்னல் வசதியைத்தான் கூப்பிடுகின்றன (சில புதியவை 2019இல் வந்த ஐஓ யூரிங்கை). அதனால் ஒன்று மட்டும் பத்து மடங்கு வேகம் என்றால் எதை அளக்காமல் விட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

நான் முதலில் செய்வது யூலிமிட்டை (ஒரு புரோகிராம் திறந்து வைக்கக்கூடிய எஃப்டிகளின், அதாவது ஃபைல், கனெக்‌ஷன் ஒவ்வொன்றுக்கும் கெர்னல் தரும் எண்களின், உச்சவரம்பு) 64க்கு இறக்கிவிட்டு 100 கனெக்‌ஷன் திறப்பது. எஃப்டி தீர்ந்ததும் புதுக் கனெக்‌ஷனை ஏற்கும் அக்செப்ட் பிழை தரும், ஆனால் காத்திருக்கும் கனெக்‌ஷன் வரிசையிலேயே நிற்பதால் ஈபோல் உடனே மறுபடி எழுப்பும், மறுபடி பிழை, மறுபடி எழுப்பல் என்று ஒரு வேலையும் நடக்காமலே ஒரு கோர் 100 சதவீதத்தில் ஓடும். லிப்ஈவி என்ற இன்னொரு லைப்ரரியின் கையேட்டில் இதற்கு ஒரு வித்தை உண்டு: சும்மா ஒரு எஃப்டியைத் திறந்து வைத்திருந்து, நெருக்கடியில் அதை மூடி, கிடைத்த இடத்தில் கனெக்‌ஷனை ஏற்று உடனே துண்டித்துவிட்டு, பழையபடி திறந்துகொள்வது. உங்கள் லைப்ரரி இதை யோசித்தே பார்த்திருக்கிறதா?

அப்புறம் குளோஸ். ஒரு கால்பேக்குக்குள் (ஈவென்ட் வந்ததும் லைப்ரரி கூப்பிடும் உங்கள் ஃபங்ஷன்) இருந்துகொண்டே இன்னொரு கனெக்‌ஷனை மூடுங்கள், அட்ரஸ் சானிடைசர் (மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கருவி) போட்டு. கெர்னல் காலியாக உள்ள மிகச் சிறிய எஃப்டி எண்ணையே அடுத்தவருக்குக் கொடுக்கும், ஆக மூடிய 17 அடுத்த நொடி வேறொருவருடைய 17. நாங்கள் ஒருமுறை எடுத்த லைப்ரரி, பழைய 17இன் ரைட் பஃபரை, அதாவது அனுப்பக் காத்திருந்த தரவை, துடைக்காமல் விட்டிருந்தது. ஒருவருக்குப் போக வேண்டிய செய்தி இன்னொருவருக்குப் போனது. இரண்டு வாரம் நாங்கள் எழுதிய நிரலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்! லிப்யூவியில் குளோஸ் கால்பேக் உடனே வராமல் பிறகு வருவது ஏன் என்று அன்றுதான் புரிந்தது.

ஃபைல் வாசிப்பையும் கேளுங்கள். சாதாரண ஃபைலை ஈபோல் ஏற்காது. லிப்யூவி அதைப் பின்னால் ஓடும் த்ரெட்களின் குழுவான த்ரெட் பூலுக்கு அனுப்புகிறது, இயல்பாக 4 த்ரெட், டிஎன்எஸ் தேடலும் அதே நாலில்தான். டிஎன்எஸ் இழுத்தால் பாதி த்ரெட் வரை அதிலேயே மாட்டிக்கொள்ளும், ஃபைலுக்கு மீதிதான்.

மெதுவாக வாசிக்கும் கிளையன்டுக்கு ரைட் பஃபர் எல்லையில்லாமல் வளர்கிறதா என்பதை நீங்களே ஒரு ஸ்லீப் போட்ட கிளையன்டை வைத்துப் பார்த்துவிடலாம். லைசென்ஸ், எத்தனை பேர் கமிட் செய்கிறார்கள் என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

சில நூறு கனெக்‌ஷன்தான் வரும் என்றால் இவ்வளவு அலசலே வேண்டாம், லிப்யூவியைப் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள்.