பழைய சாமான்களை வாங்கி, பெயிண்ட் அடித்து வீட்டை அழகாக்க ஆசை. எங்கே வாங்குவது? எந்தப் பெயிண்ட்? அடித்தால் நிற்குமா? (வாடகை வீடு, செலவு குறைவாக இருக்க வேண்டும்)

நிற்கும். ஆனால் அது பெயிண்டைவிட அதற்கு முன்னால் நீங்கள் எவ்வளவு தேய்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வேலையில் முக்கால்வாசி கழுவுவது, சுரண்டுவது, உப்புத்தாள் போடுவது, காயவிடுவதுதான். வீடியோக்களில் இதை வேகமாக ஓட்டிவிடுவார்கள், அதனால் பார்ப்பவர்களுக்கு நேராக பிரஷ்ஷை எடுத்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. அழுக்கு மேலும் எண்ணெய்ப் பிசுக்கு மேலும் அடித்த பெயிண்ட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் உரிந்து வந்துவிடும்.

எங்கே வாங்குவது என்றால், எல்லோரும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவைச் சொல்வார்கள். நானும் திருச்சியிலிருந்து அடிக்கடி போவேன், போனால் நேரம் போவதே தெரியாது. இடித்த செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குத் தூண்கள், கதவு நிலைகள், நீலக் கரை போட்ட ஸ்வீடன் எனாமல் பாத்திரங்கள், ஊறுகாய் ஜாடிகள் என்று குவிந்து கிடக்கும். ஆனால் அங்கே இருப்பவர்களுக்கு ஒவ்வொன்றின் மதிப்பும் நன்றாகத் தெரியும், "இதுக்கு மேல கொறைக்க முடியாதுக்கா, வெளியூர்க்காரங்க ரெண்டு பங்கு குடுத்துட்டுப் போவாங்க" என்று சொல்லிவிடுவார்கள், அது உண்மையும்கூட. கற்றுக்கொள்ளும் காலத்தில் அங்கே வாங்காதீர்கள். உங்கள் தெருமுனையில் இருக்கும் காயலான் கடைக்கும் பழைய பேப்பர் கடைக்கும் போங்கள். அங்கே டிரங்குப் பெட்டி என்றால் அது இரும்பு, எடை போட்டுத்தான் விலை. கடைக்காரரிடம் முகம் பழகிவிட்டால் "அக்கா, ஒரு மர ஸ்டூல் வந்திருக்கு, ஒடைக்காம வச்சிருக்கேன்" என்று அவரே போன் செய்வார்.

முதல் பொருளாக டிரங்குப் பெட்டியைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். வாடகை வீட்டுக்கு அதைவிட உதவியான சாமான் கிடையாது. மேலே உட்காரலாம், உள்ளே போர்வை வைக்கலாம், வீடு மாற்றும்போது அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

வாங்கும்போது தகட்டை உற்றுப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பூப்பூவாக மின்னினால் அது துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு. அதன்மேல் சாதாரண எனாமல் பெயிண்டை நேராக அடிக்கவே கூடாது, பெயிண்டில் இருக்கும் எண்ணெய்ப் பசை துத்தநாகத்தோடு சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் ஆகிவிடும், கொஞ்ச மாதத்தில் தோல் தோலாக உரியும். கடையில் கேட்கும்போது ஜிஐ தகட்டுக்கான பிரைமர் (நிறத்துக்கு முன்னால் அடிக்கும் அடிப்பூச்சு) என்று குறிப்பாகக் கேட்டு வாங்குங்கள். அதை அடித்துக் காய்ந்த பிறகு எந்த நிறமும் அடிக்கலாம்.

சாதாரண இரும்புப் பெட்டி என்றால் வழி வேறு. கம்பி பிரஷ் போட்டு உதிரும் துருவை எல்லாம் எடுத்துவிட்டு, 80 நம்பர் எமரி தாள், அப்புறம் 120, பிறகு டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு என்ற இரும்புக்கான பிரைமரை அடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் ஈரக்காற்றில் ராத்திரியே மறுபடி துரு பூக்கும். ரெட் ஆக்ஸைடு ஒரு ராத்திரி காய்ந்ததும் 320 நம்பரால் லேசாகத் தேய்த்து, எனாமலை மெலிதாக ஒரு கோட், மறுநாள் இன்னொரு கோட். ஒரே கோட்டில் மூடிவிட வேண்டும் என்று தடிமனாக அடித்தால் வழியும், மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுப்பாகவே இருக்கும். தொட்டால் ஒட்டவில்லை என்றதும் மேலே சாமான் வைத்துவிடாதீர்கள், எனாமல் நன்றாக இறுக ஒரு வாரமாவது வேண்டும்.

உள்பக்கத்துக்கு நான் பெயிண்ட் அடிப்பதில்லை. கிழிந்த சுங்குடிச் சேலையைத் துவைத்து இஸ்திரி போட்டு, அளவுக்கு வெட்டி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலால் ஒட்டிவிடுவேன். மேலே ஒரு தடவை அதே பசையைப் பூசினால் துணி விறைப்பாக நிற்கும், நூல் பிரியாது. மைதாப் பசை வேண்டாம், அதற்குப் பூச்சி வரும். பைண்டிங் செய்பவர்கள் அதற்காகத்தான் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள், அது விஷம், குழந்தைகள் கை வைக்கிற பெட்டிக்குத் தேவையில்லை. மூடியைத் திறந்ததும் அம்மாவின் சேலைப் புள்ளிகள் தெரிகிற பெட்டியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது, எனக்கு இந்த வேலையில் ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

மரச் சாமானுக்கு வருவோம். வாங்குவதற்கு முன்னால் தலைகீழாகத் திருப்பி, ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் தட்டிப் பாருங்கள். குண்டூசித் தலை அளவு ஓட்டைகளும், தட்டினால் மாவு மாதிரித் தூளும் இருந்தால் உளுத்த மரம், பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், அது உங்கள் கட்டிலுக்கும் அலமாரிக்கும் பரவும். கால் ஆடுவது, ஆணி கழன்றது எல்லாம் பரவாயில்லை, தச்சர் அரை மணி நேரத்தில் ஆப்பு வைத்து இறுக்கிக் கொடுத்துவிடுவார்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து கவனியுங்கள். பழைய பெயிண்ட் இருக்கும் கதவு, ஜன்னல் சட்டம், தொட்டில் இதையெல்லாம் வறட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பெயிண்ட் எதிலும் ஈயம் இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வதுதான் நல்லது. அந்தத் தூசி சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை வாங்கி, ஈரமாகவே தேய்த்து, என்95 மாஸ்க் போட்டு, விழுவதை ஈரத்துணியால் வழித்தெடுத்து, அந்தத் துணியையும் எறிந்துவிடுங்கள். வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் பழைய பெயிண்ட் பூசிய பொருளை வாங்கவே வேண்டாம்.

எல்லா மரத்துக்கும் பெயிண்ட் அடிக்கக் கூடாது. அடிப்பக்கம் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள், தேக்கு என்றால் எண்ணெய்ப் பசையோடு ஒரு வாசனை வரும், ரேகை பொன்னிறமாகத் தெரியும். தோதகத்தி (ரோஸ்வுட்) என்றால் கருஞ்சிவப்பாக, கனமாக இருக்கும். இந்த இரண்டின்மேலும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்தால் எனக்கு மனது தாங்காது. பழைய வார்னிஷை எடுத்துவிட்டு, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலீஷை துணியில் நனைத்து மெல்லிசாகப் பூசினால் போதும் (அடைமழை நாளில் வேண்டாம், ஈரத்தில் பாலீஷ் வெள்ளையாகப் பூத்துவிடும்). அதே மாதிரி பித்தளைக்கும் செம்புக்கும் பெயிண்ட் வேண்டாம், புளி போட்டுத் துலக்கினாலே அது அலங்காரம்தான். பெயிண்டுக்கு என்றே இருப்பவை வேப்பம் பலகை, பிளைவுட், பேக்கிங் பெட்டி மரம். இவற்றுக்கு மர பிரைமர், பள்ளம் இருந்தால் அதை அடைக்கப் பட்டி (புட்டி), மறுபடி உப்புத்தாள், அப்புறம் நிறம்.

டிசைனுக்கு ஸ்டென்சில் வாங்கிக் காசைச் செலவழிக்காதீர்கள். பழைய எக்ஸ்ரே பிலிமை பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவினால் மேலே இருக்கும் படம் கரைந்துபோய்த் தெளிவான ஷீட் கிடைக்கும். அதில் ஆத்தங்குடி டைல்ஸ் பூவையோ உங்கள் வீட்டுச் சிக்குக் கோலத்தையோ வரைந்து, கூரான கத்தியால் வெட்டிக்கொள்ளுங்கள். கோலக் கோடு என்றால் நடு நடுவே சின்னதாக ஒரு பாலம் விட்டு வெட்ட வேண்டும், இல்லையென்றால் உள்பக்கத் துண்டு கழன்று விழுந்துவிடும். பஞ்சில் பெயிண்டைத் தொட்டு, முக்கால்வாசியைப் பழைய தாளில் ஒற்றி எடுத்துவிட்டு, கிட்டத்தட்ட காய்ந்த பஞ்சால் ஒற்றினால்தான் ஓரம் கூர்மையாக வரும். படம் ஒட்டுகிற வேலை என்றால் இங்க்ஜெட் பிரிண்ட் எடுக்காதீர்கள், பசை பட்டதும் சாயம் ஓடும். லேசர் பிரிண்ட் கேளுங்கள்.

மண் தொட்டிக்குப் பெயிண்ட் அடித்துச் செடி வைக்கிறவர்கள் நிறைய பேர். உள்ளே ஊற்றுகிற தண்ணீர் சுவர் வழியாகக் கசிந்து வந்து வெளிப் பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கும். செடியை ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, அதை மண் தொட்டிக்குள் இறக்கிவிட்டால் போதும்.

எப்போது தொடங்குவது என்றால், போகிக்கு முந்தைய வாரம். வீடு வீடாக ஒழித்துப்போடுவார்கள், நல்ல ஸ்டூல்களும் பெட்டிகளும் காயலான் கடைக்கு வந்து சேரும், சிலது நெருப்புக்குப் போகும். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் சும்மாவே கொடுத்துவிடுவார்கள். தை, மாசியில் காற்றில் ஈரமும் குறைவு, வெயிலும் கொளுத்தாது, பெயிண்ட் ஒழுங்காகக் காயும். மொட்டை மாடியில் நேர் வெயிலில் அடிக்காமல் நிழலில் வைத்து அடியுங்கள். வீட்டில் பொருள் வைக்கப்போகும் இடத்தின் அளவை ஒரு சீட்டில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.