காரோ-கானில் என் மந்திரி இரண்டு தடவை செத்த கதை

கேள்வி: வெள்ளை, சிப்பாயை ஈ4 கட்டத்துக்கு (ஈ வரிசையின் நாலாவது கட்டம்) நகர்த்தித் தொடங்கினால், புதிதாகச் சதுரங்கப் போட்டிக்குப் போகிறவர் கறுப்பில் காரோ-கான் தடுப்பு ஆடலாமா?

தாராளமாக ஆடலாம். நான் ஆடியது போல மட்டும் ஆடாதீர்கள்.

பாடசாலை நாட்களில் மாங்குளத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு போட்டிக்குப் போனேன். முறிகண்டியில் பஸ் நிற்க, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்திவிட்டு, ஒரு பை கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறினேன். சட்டைப்பையில் சேர் தந்த போட்டோப் பிரதி. அதிலிருந்த பத்து நகர்வுகளையும் வழி முழுக்கத் தேவாரம் போல மனனம் செய்தேன்.

1886இல் ஹொராஷியோ காரோவும் மார்கஸ் கானும் ஆராய்ந்த தடுப்பு இது. கறுப்பு ஒரு சிப்பாயை சி6க்கும், அடுத்ததை டி5க்கும் தள்ளும். ஈ4க்கு இன்னொரு பதிலான பிரெஞ்சுத் தடுப்பில் ஈ6 சிப்பாய் சொந்த மந்திரிக்கே (குறுக்காக ஓடும் பிஷப்) படலையைச் சாத்திவிடும். இங்கே மந்திரி எஃப்5க்கு வெளியே வந்த பிறகுதான் ஈ6. குறையும் உண்டு: சி6 குதிரைக்குரிய நல்ல கட்டம், அதில் சிப்பாய் குந்திவிடுகிறது.

என் மந்திரியும் எஃப்5க்கு வந்தது. வெள்ளைக் குதிரை ஜி3இலிருந்து விரட்ட, ஜி6க்குப் பின்வாங்கியது. ஆறாவது நகர்வில் எதிரே இருந்த சிறுவன் ஓரச் சிப்பாயை எச்4க்குத் தள்ளினான். பிரதியின்படி முதலில் எச்6, அதன் பிறகே குதிரை டி7. நான் வரிசையை மாற்றிக் குதிரையைத் தூக்கிவிட்டேன். தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும்.

அவன் எச்5.

மந்திரி எங்கே போகும்? எஃப்5, ஈ4 இரண்டையும் அவன் குதிரை பார்க்கிறது. எச்7இல் என் சொந்தச் சிப்பாய். எச்6 ஆடியிருந்தால் அந்த இடம் காலியாகி மந்திரிக்கு ஒளிவிடமாகியிருக்கும். அந்தச் சின்ன நகர்வு எதற்கென்று மந்திரி செத்த பிறகுதான் விளங்கியது. சேர் தாளைப் பார்த்தார், ஏசவில்லை. "கச்சான் மிச்சம் இருக்கிறதா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளை மூன்றாவது நகர்வில் ஈ5 என்று முன்னேறினாலும் மந்திரி எஃப்5க்கு வரலாம். அங்கே நாலாவது நகர்விலேயே எச்4 வந்தால், எச்5 என்று தடுத்துவிடுங்கள். அவசரப்பட்டு ஈ6 ஆடினால் ஜி4, எஃப்3, எச்5 என்று சிப்பாய்களே மந்திரியைச் சுற்றிவளைத்துவிடும். இது பிரதியில் இருக்கவில்லை. அடுத்த வருடம் அதே மண்டபத்தில் கற்றுக்கொண்டேன்.