பழைய வண்டியில் ஒரு நல்ல காரியம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கல்லூரிக் கால நண்பர்கள் ஆறு பேர் மலிவு விலையில் பழைய வண்டிகள் வாங்கி, மதுரையிலிருந்து தனுஷ்கோடி வரை ஓட்டிப் போய், ஏழைகளின் கண் சிகிச்சைக்குப் பணம் திரட்டலாம் என்று இருக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?
- வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பித்திருக்க வேண்டும், அதுவும் ஐந்து ஐந்து வருடமாகத்தான் நீட்டிப்பார்கள். அதைச் செய்யாத வண்டி சும்மா கிடைத்தாலும் வேண்டாம். யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் மீது ஆசைப்படாதீர்கள், 1996-ல் அதன் தயாரிப்பு நின்றுபோனதிலிருந்து மவுசு ஏறிக்கொண்டே போகிறது, நீங்கள் திரட்டப்போகும் தொகையை வண்டியே தின்றுவிடும். டி.வி.எஸ். 50 போதும். 1980-ல் வந்த வண்டி, எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகியது.

டி.வி.எஸ். 50 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் பெட்ரோலோடு ஆயில் கலக்க மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது: நாங்களும் ஆறு பேராக இப்படிப் போய்ப் பணம் திரட்டியவர்கள்தான், எங்கள் முதல் பயணத்தில் மானாமதுரை தாண்டி, நல்ல வெயிலில், இரண்டு வண்டிகள் இப்படித்தான் நின்றன, பங்க்கில் அவசரத்தில் "நீ ஊற்றியிருப்பாய்" என்று ஒருவரை ஒருவர் நம்பிவிட்டோம். கலக்கும் வேலையை ஒரே ஆளிடம் கொடுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, அது பழைய ரப்பர் டியூப்பையும் வாஷரையும் ஊறவைத்துக் கெடுக்கும், ஆகவே கிளம்புமுன் பெட்ரோல் டியூப்பைப் புதிதாக மாற்றிவிடுங்கள். பையில் ஸ்பேர் பிளக்கும் கிளட்ச் வயரும் இருக்கட்டும்.

கேள்வி: பெட்ரோலுக்கும் வண்டிக்கும் செலவழிக்கும் பணத்தை நேராக மருத்துவமனைக்கே கொடுத்துவிடலாமே? ஊர் சுற்ற ஒரு சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.
- வாசகி, சிவகங்கை

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான் அம்மா. எங்களிடமும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டார்: "நான் கொடுத்த ஐந்நூறில் பெட்ரோலுக்கு எவ்வளவு போனது?" எங்களால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் எல்லாப் பணத்தையும் ஒரே பையில் போட்டு வைத்திருந்தோம். அன்று தலைகுனிந்து நின்றது இன்னும் உறுத்துகிறது. அதற்கப்புறம் வண்டி, பெட்ரோல், சாப்பாடு, ரிப்பேர் எல்லாம் எங்கள் கைக்காசு, மற்றவர்கள் கொடுப்பதில் ஒரு ரூபாயும் தொடுவதில்லை என்று கிளம்புமுன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம்.

ஆனால் பயணம் வெறும் சாக்கு என்பதை நான் ஏற்கமாட்டேன். புது வண்டியில் போய் டீக்கடையில் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. புகை கக்கிக்கொண்டு ஒரு டி.வி.எஸ். 50 வந்து நின்றால், "எங்க அப்பா இதுலதான் என்னையும் தங்கச்சியையும் ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுவார்" என்று யாராவது பக்கத்தில் வந்துவிடுகிறார்கள். பேச்சு அப்பாவிடம் போகும், அப்பாவின் கண் ஆபரேஷனுக்குப் போகும், அப்புறம் அவர்களாகவே போனை எடுத்து எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்பார்கள். வீட்டில் இருந்தபடி நாங்கள் ஆறு பேரும் கொடுத்திருந்தால் ஆறு பேர் பணம்தான் போய்ச் சேர்ந்திருக்கும். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று எத்தனை பேருக்கு இலவசமாகச் சிகிச்சை தருகிறது என்பதே, அந்தப் பக்கத்துக்காரர்கள் பலருக்கு இப்படிப் பேசும்போதுதான் தெரிகிறது.

கேள்வி: நன்கொடையை ரொக்கமாக வாங்கலாமா? வரிச் சலுகை உண்டா?
- வாசகர், பரமக்குடி

பதில்: ரொக்கம் வேண்டாம். அனுமதி பெற்ற அறக்கட்டளையாக இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிச் சலுகை கிடையாது, புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. பணம் உங்கள் கணக்குக்கு வராமல் நேராக மருத்துவமனையின் கணக்குக்கே போகட்டும், ரசீதும் அங்கிருந்தே வரட்டும்.

கேள்வி: என் மகனும் இப்படி ஒரு பயணம் போகிறான். பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், விருதுநகர்

பதில்: பயம் நியாயம்தான் அம்மா. பொழுது சாய்ந்த பிறகு ஓட்டக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொள்ளுங்கள், பழைய வண்டியின் முன்விளக்கு வெளிச்சம் போதாது. ஹெல்மெட்டாவது புதிதாக இருக்கட்டும். அப்புறம் பாம்பன் பாலத்தில் பக்கவாட்டில் அடிக்கும் காற்று எடை குறைந்த வண்டியைத் தள்ளிவிடும். அங்கே வேகத்தைக் குறைத்து, ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுப் போகச் சொல்லுங்கள்.