60,000 ரூபாயில் வீட்டு ஆடியோ: எதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

கேள்வி: பாட்டுக் கேட்பதற்கென்று வீட்டில் 12-க்கு 10 அடி அறை ஒன்றை ஒதுக்கியிருக்கிறேன். கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் பாதியை ஆம்ப்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்) பத்து சதவீதத்தைக் கேபிளுக்கும் ஒதுக்கச் சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எப்படிப் பிரிப்பது?

பதில்:

பாதிக்குக் கொஞ்சம் மேலே ஸ்பீக்கருக்கு வையுங்கள். அறைக்கென்று ஒரு தொகையை இப்போதே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். அதன் பிறகு ஆம்ப். டாக்குக்கும் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்புக்கான மின்னலையாக மாற்றும் கருவி) கேபிளுக்கும் சில்லறைக் காசு போதும். கணக்கைக் கீழே தருகிறேன். அதற்கு முன்னால் அறையைப் பற்றிப் பேசியாக வேண்டும். நீங்கள் சொல்லும் அளவில்தான் என் அறையும் இருக்கிறது. மூன்று வருஷம் பெட்டியை மாற்றி மாற்றி வாங்கிய பிறகுதான் கோளாறு அறையில் இருப்பதைக் கண்டுபிடித்தேன்.

நம் ஊர் அறை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். நாலு பக்கமும் செங்கல் சுவர், மேலே சிமென்ட் பூச்சு. தலைக்கு மேல் கான்கிரீட், காலுக்குக் கீழே டைல்ஸ். பெயின்ட் அடித்த சிமென்ட் பூச்சின் மேல் விழும் ஒலியில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் அப்படியே திரும்பி வந்துவிடும். அமெரிக்காவில் பல வீடுகளில் சுவர் என்பது மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. அது லேசாக அதிர்ந்து பேஸில், அதாவது தாழ்ந்த ஒலியில், ஒரு பகுதியைத் தின்றுவிடும், இன்னொரு பகுதி வெளியே கசிந்துவிடும். தரையில் கார்ப்பெட்டும் கிடக்கும். அங்கே உட்கார்ந்து ஒருவர் எழுதிய ஆலோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொண்டால் அறைக்கு வேண்டிய பணம் கணக்கிலேயே வராது. நம் சுவர் பேஸை உள்ளேயே அடைத்து வைத்துக்கொள்ளும்.

என் அறை நீளம் 12 அடி, அகலம் 10, உயரம் 10. ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 343 மீட்டர். அதை நீளத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் 47 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 47 அதிர்வு, வரும். அகலத்துக்கு 56. உயரமும் அதே 10 அடி என்பதால் அதற்கும் 56. இந்த ஸ்வரங்கள் வரும்போதெல்லாம் அறையே கூடச் சேர்ந்து கூவும். சுவரோரத்திலும் மூலையிலும் அது ரொம்ப அதிகம். நான் கேட்டுக்கொண்டிருந்தது எங்கே தெரியுமா? மூலையில் கட்டில் போட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து!

நான் அதிகம் கேட்பது கர்நாடகக் கச்சேரி. மிருதங்கத்தில் தொப்பிப் பக்கத்தை (இடப்பக்கம்) வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒரு ஸ்தாயி கீழே சேர்ப்பது வழக்கம். ஒரு கட்டை சுருதியில் பாடுபவருக்குத் தொப்பி குத்துமதிப்பாக 65 ஹெர்ட்ஸில் நிற்கும். அந்த வட்டாரத்தில்தான் என் அறையும் கூவிக்கொண்டிருந்தது. தொப்பியைக் கையால் அழுத்தித் தேய்த்துக் கும்கி வாசித்தால் அதன் ஒலி வழுக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும் இல்லையா? எனக்கு ஏற்றமும் கேட்காது இறக்கமும் கேட்காது, ‘தொம்’ என்று ஒரே ஒலிதான் எல்லாவற்றுக்கும்.

இதற்கு நான் பார்த்த முதல் வைத்தியம் ஆம்ப்பை மாற்றியது. “பழைய ஆம்ப்புக்குப் பேஸைப் பிடித்து நிறுத்தும் வலு இல்லை, இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போங்கள்” என்று சென்னையில் ஒரு கடையில் சொன்னார்கள். 28,000 ரூபாய் கொடுத்தேன். தொம் அப்படியே இருந்தது. அடுத்து டாக்குக்கு 11,000, கேபிளுக்கு 6,500. ஒவ்வொரு தடவையும் முதல் வாரம் மாற்றம் தெரிந்த மாதிரிதான் இருந்தது. அது பொய் நடிப்பில்லை, எனக்கு உண்மையாகவே அப்படிக் கேட்டது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலிலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் ஸ்பீக்கர்களைப் பற்றி ஆயுள் முழுக்க ஆராய்ந்த ஃபிளாய்ட் டூல், 1994-இல் ஷான் ஆலிவுடன் சேர்ந்து ஒரு சோதனை செய்தார். அதே ஸ்பீக்கர்களுக்கு, கண்ணால் பார்த்துக்கொண்டு கேட்டவர்கள் ஒரு மார்க் போட்டார்கள், திரைக்குப் பின்னால் வைத்தபோது வேறு மார்க் போட்டார்கள். கேட்டவர்கள் அந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள். அப்படியிருக்க நம் காதை நாம் குறை சொல்ல வேண்டியதில்லை. பார்த்து வாங்கிய பொருள், கொடுத்த விலை, எல்லாம் சேர்ந்துதான் கேட்கிறது.

கடைசியில் வழி காட்டியது ஒரு மெத்தை. வீட்டுக்கு வெள்ளையடித்த சமயம், அம்மாவின் இலவம்பஞ்சு மெத்தைகள் மூன்றை என் அறையில் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கட்டிலை நடு அறைக்கு இழுத்துவிட்டிருந்தோம். சும்மா இருக்கும்போது ஒரு கச்சேரியைப் போட்டேன். பாடகர் ஸ்வரம் பாடிக்கொண்டிருந்தார். ச, ரி, க ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஓரம் வெட்டிய மாதிரி வந்து விழுந்தது. முன்பெல்லாம் ஒன்றின் வால் அடுத்ததன் தலைமேல் கிடக்கும். வாசலில் நின்ற அம்மா சொன்னார்: “ஏண்டா, இன்னிக்குத்தான் அவர் வாயைத் திறந்து பாடுறாரு.” அன்றைக்கு நான் எந்தப் பொருளும் வாங்கியிருக்கவில்லை.

அதன் பிறகு முறையாகச் செய்தேன். நண்பரிடம் யூமிக்-1 என்ற ஒலி அளக்கும் மைக்கை இரவல் வாங்கி, ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளில் அளந்தேன். பழைய இடத்தில், மூலையில், 47-லிருந்து 60 ஹெர்ட்ஸ் வரை வரைபடத்தில் 12 டெசிபலுக்கு (டெசிபல் என்பது ஒலி அளவின் அலகு) ஒரு குன்று நின்றது. 12 டெசிபல் என்றால் சக்திக் கணக்கில் 16 மடங்கு. நல்ல நிலையில் இருக்கும் இரண்டு ஆம்ப்களுக்கு இடையில் அரை டெசிபல் வித்தியாசம் வந்தாலே பெரிது. நான் எதைச் சரிசெய்ய எங்கே பணம் போட்டிருக்கிறேன் என்று அந்தக் கோட்டைப் பார்த்ததும் புரிந்தது.

நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நாலு அடி முன்னால் போட்டேன். ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து வெளியே எடுத்தேன். குன்று பாதிக்கு மேல் இறங்கியது, செலவு பைசா இல்லை. மிச்சத்தைக் கணினியில் பாராமெட்ரிக் ஈக்யூ (வேண்டிய அதிர்வெண்ணை மட்டும் கூட்டிக் குறைக்கும் மென்பொருள்) வைத்து வெட்டினேன். மேட்டை மட்டும் வெட்டுங்கள், பள்ளத்தை நிரப்பப் போகாதீர்கள். அறை விழுங்கும் இடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் விழுங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மெத்தை செய்த வேலைக்கு, ஒலியை உறிஞ்சும் பேனல் செய்தேன். ஏசி டக்ட், பாய்லர் இன்சுலேஷன் விற்கும் கடைகளில் ராக்வூல் (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகை கிடைக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் தடிமன். இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ஆசாரியிடம் 4-க்கு 2 அடியில் சட்டம் அடித்து, காடாத் துணி சுற்றினேன். வாயால் ஊதினால் காற்று மறுபக்கம் போகிற துணியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். வெட்டும்போது முகமூடியும் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம், தூள் பட்டால் அரிக்கும். ஆறு பேனலுக்கு எல்லாம் சேர்த்து 9,000 ஆனது. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, ஒருவரை விட்டுப் பக்கச்சுவரில் முகம் பார்க்கும் கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே ஸ்பீக்கர் தெரிகிறதோ அங்கே ஒரு பேனல். மிச்சம் தலைக்குப் பின்னால். முன்னால் தரையில் தடியான பவானி ஜமக்காளம் ஒன்று. ஒரு அங்குல ஃபோம் ஷீட்டை அறை முழுக்க ஒட்டிவிடாதீர்கள். அது உச்ச ஒலியை மட்டும் உறிஞ்சிவிட்டுக் கீழே எதையும் தொடாது. அறை செத்த மாதிரி ஆகிவிடும், தொம் மட்டும் மிஞ்சும்.

ஸ்பீக்கருக்கு ஏன் பெரிய பங்கு என்றால், மின்சாரத்தைக் காற்றின் அசைவாக மாற்றுகிற பொருள் அது ஒன்றுதான். இந்த வரிசையில் அதிகம் தப்பு செய்வதும் அதுதான். ‘மூலம்தான் முதலில்’, அதாவது பாட்டை எடுத்துத் தரும் கருவிக்கே முதல் பணம், என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் 1970-களில் அந்தப் பேச்சைப் பரப்பியது. இசைத்தட்டு காலத்தில் அதில் நியாயம் இருந்தது, ஏனென்றால் முள்ளும் தட்டைச் சுற்றும் மோட்டாரும் அசைகிற பொருள்கள். 1982-இல் சிடி வந்த பிறகு கதை மாறிவிட்டது. அதன் 16 பிட்டில், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. ஃபேன் ஓடும் அறையில் அந்த 96-இல் பாதி ஃபேன் சத்தத்துக்குள் மூழ்கிக் கிடக்கும். போனில் செருகுகிற ஆயிரம் ரூபாய் டாங்கிளே (குட்டி டாக்) போதும் என்று சொல்வது இதனால்தான். சித்திரை வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுக் கச்சேரி கேட்க நம்மால் ஆகாது. ஆகவே நல்ல டாக் வாங்க நினைத்த காசில் சத்தமில்லாத ஃபேன் ஒன்று வாங்கி மாட்டுங்கள். தம்புரா எனக்கு அப்போதுதான் முழுசாகக் கேட்டது.

ஆம்ப்புக்கு 50 வாட்ஸ் உங்கள் அறைக்குத் தாராளம். 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) உள்ள ஸ்பீக்கரில் ஒரு வாட்டிலேயே, எட்டு அடி தள்ளி உட்கார்ந்தாலும், வீட்டார் குறைக்கச் சொல்லும் சத்தம் வரும். 50-ஐ 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். நல்ல நிலையில் இருக்கும் பழைய ஆம்ப் வாங்கத் தயங்காதீர்கள். பழைய ஸ்பீக்கரில் மட்டும் ஜாக்கிரதை: வூஃபரை (பேஸ் தரும் பெரிய கோன்) சுற்றியுள்ள வளையம் ஃபோமாக இருந்தால் நம் ஊர் ஈரத்தில் மக்கிப் போகும். விரலால் லேசாகத் தொட்டுப் பாருங்கள், தூள் ஒட்டினால் விட்டுவிடுங்கள். ரப்பர் வளையம் என்றால் பரவாயில்லை.

கேபிள் கணக்கு: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குக் கிலோமீட்டருக்கு ஏழரை ஓம்தான் மின்தடை. நாலு மீட்டர் போய் நாலு மீட்டர் திரும்பினால் 0.06 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒன்றுமே இல்லை. எலக்ட்ரிக்கல் கடையிலேயே வாங்குங்கள்.

ஆக உங்கள் 60,000: ஸ்பீக்கர் 32,000. ஆம்ப், பழையதாகவே, 14,000. பேனல் 9,000. ஃபேன் 3,000. டாங்கிள் ஆயிரம், ஒயரும் பிளக்கும் ஆயிரம்.

சப்வூஃபரை (பேஸுக்கு மட்டுமான தனி ஸ்பீக்கர்) இப்போது தொடாதீர்கள். அறை அடங்கி ஆறு மாதம் கேட்ட பிறகும் கீழே குறைகிறது என்று பட்டால் வாங்கலாம். ஸ்பீக்கர் தேர்வு செய்யப் போகும்போது உங்களுக்கு அத்துப்படியான ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். மிருதங்கம் சுருதியோடு பேசுகிற தோல் கருவி. அதன் மேலொலிகள் ஒழுங்காக அமைவதை சி.வி. ராமன் 1920-இலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். அதனால் ஸ்பீக்கர் எங்கே தடுமாறுகிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஓடுவதுகூட நல்லதாகத்தான் கேட்கும். கும்கி வரும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு, ஏற்றம் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்.