டாக்டரிடம் கேளுங்கள்: கட்டிக்கு மருந்து பழகிப்போகுமா?

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். முதலில் கொடுத்த கீமோவில் கட்டி நன்றாகச் சுருங்கியது. இப்போது மறுபடி வளர்கிறது; மருந்தை மாற்ற வேண்டும் என்கிறார்கள். சொந்தக்காரர்களோ, 'பத்தியம் இருக்கவில்லை, உடம்புக்கு மருந்து பழகிவிட்டது' என்கிறார்கள். அப்படியா சார்?
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பத்தியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையம்மா. அக்காவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பாவம். பழகியது உடம்பும் அல்ல, கட்டியில் உள்ள செல்கள்.

உங்கள் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு பயிரிடுவார்களே, நம் செங்காந்தள், அதில் கோல்ச்சிசின் என்று ஒரு நஞ்சு உண்டு. அந்த நஞ்சுக்குச் சாகாத ஹாம்ஸ்டர் (எலி போன்ற ஒரு பிராணி) செல்களைக் கனடாவின் டொராண்டோவில் ஜூலியானோ, விக்டர் லிங் என்ற இருவர் ஆராய்ந்து 1976இல் எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் செல்கள் அதுவரை கண்ணால்கூடக் காணாத வேறு புற்றுநோய் மருந்துகளுக்கும் அசைந்து கொடுக்கவில்லை! காரணம், செல்லின் மேலுறையில் குவிந்திருந்த பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதம். படகுக்குள் வரும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே வரும் மருந்தை அது வெளியே தள்ளிவிடுகிறது. டாக்ஸோரூபிசின், பாக்லிடாக்சல், வின்கிரிஸ்டின் எதுவானாலும் அதற்கு ஒன்றுதான்.

இந்தப் புரதத்தை உண்டாக்கும் ஏபிசிபி1 என்ற ஜீன் (மரபணு) புதிதாக முளைத்ததல்ல. நம் எல்லோருடைய குடலிலும் கல்லீரலிலும் நஞ்சை வெளியேற்றிக்கொண்டிருக்கும் நல்ல ஜீன்தான். கட்டியில் சில செல்களில் மட்டும் அது அளவுக்கு மீறி வேலை செய்கிறது. இதைத்தான் ஜீன் வெளிப்பாடு கூடுவது என்கிறோம். கீமோ மற்றவற்றைக் கொல்ல, இவை தப்பிப் பெருகுகின்றன.

சரி, அந்தப் புரதத்தை அடைத்துவிடலாமே? ரத்தக்கொதிப்பு மாத்திரையான வெராபமில் அதைச் செய்யும் என்று 1981இலேயே ஜப்பானில் காட்டினார்கள். ஆனால் அதற்குத் தேவையான அளவை மனித இதயம் தாங்காது. பின்னால் வந்த மருந்துகளும் கைகொடுக்கவில்லை. நல்ல செல்களின் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடுகிறதே!

அக்காவின் கட்டியில் இதுதான் நடந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. மருந்து உடைத்த டிஎன்ஏவை ஒட்டவைக்கும் ஜீன்கள் கூடினாலும் இதே கதைதான். மருந்தை மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது: சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளை இந்தப் புரதம் தொடுவதில்லை. புது மருந்து தொடங்குமுன் கட்டியிலிருந்து மறுபடி பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். கட்டி ஹார்மோனுக்கு இணங்குகிறதா, ஹெர்2 என்ற புரதம் அதன் செல்களில் மிகுந்திருக்கிறதா என்ற நிலை சிலருக்கு மாறியிருக்கும். பழைய கீமோ சீட்டுகளை மறக்காமல் கொண்டுபோங்கள்.