ஷெட் காலியாகக் கிடந்தால் தவணையை யார் கட்டுவது?

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு ஆலங்குளம் பக்கம். கம்பெனி ஒப்பந்தத்தில் 5,000 கறிக்கோழி வளர்க்க ஷெட் போட 14 லட்சம் ஆகும். கையில் 4 லட்சம் இருக்கிறது, மீதி 10 லட்சம் கடன். தேவைப்பட்டால் அம்மா பீடி சுற்றிச் சேர்த்த நகையும் உண்டு. கேரளாவில் பறவைக் காய்ச்சல் என்றாலே பயமாக இருக்கிறது. இறங்கலாமா?

பதில்: இறங்கலாம் தம்பி, ஆனால் இந்தக் கணக்கோடு வேண்டாம்.

நீங்க பயப்படுவது கோழி சாவதற்கு. நான் பயப்படுவது உங்க கோழி நல்லா இருக்கும்போதே வரும் நஷ்டத்துக்கு. 2006-ல் நோய் வந்தது மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில், கறி விலை விழுந்தது நாடு முழுக்க. நன்றாக வேகவைத்த கறியில் அந்தக் கிருமி பிழைக்காது, ஆனாலும் ஜனங்கள் அந்த வாரம் மீன்கடைக்குத்தான் போவார்கள். ஆலப்புழையில் வாத்து செத்தால் கேரள எல்லையில் இருக்கிற புளியரை சோதனைச் சாவடியில் கெடுபிடி, மலையாளத்தான் வாங்குவது குறையும், கம்பெனி அடுத்த குஞ்சு இறக்கத் தாமதிக்கும். கோழி கம்பெனியுடையது, உங்களுக்கு வளர்ப்புக் கூலி மட்டும்தான்; அதனால் ஒப்பந்தம் உங்களை விலைச் சரிவிலிருந்துதான் காப்பாற்றும், காலி ஷெட்டிலிருந்து காப்பாற்றாது.

11 சதவீத வட்டி, 7 வருஷம் என்றால் தவணை மாதம் 17,000 சொச்சம். குஞ்சு இறக்கி, பிடித்து, கழுவி ஆறப்போட என்று ஒரு பேட்சுக்கு இரண்டு மாதம். வளர்ப்புக் கூலி கிலோவுக்கு 7 ரூபாய் என்று வைத்தால், சாவு போக 4,800 கோழி, இரண்டு கிலோ வீதம், 67,000 வரும். அதில் 34,000 வங்கிக்கு. மிச்சத்தில் கரண்டு, உமி, ஆள்கூலி எல்லாம். இரண்டு பேட்ச் தவறினால் 68,000 கைக்காசு.

அதனால் 4 லட்சத்தில் ஒரு லட்சத்தைத் தொடாமல் வங்கியில் போடுங்க. கம்பெனி ஒத்துக்கொண்டால் 4,000 கோழிக்கு ஷெட், 8 லட்சத்துச் சொச்சம் கடன் போதும்.

அப்புறம், நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் கோழிகளை அழிப்பார்கள். மத்திய, மாநில அரசுகள் பாதிப் பாதியாக இழப்பீடு தரும், ஆனால் அது அழித்த கோழிக்கு, நீங்க இழந்த கூலிக்கு இல்லை. கோழியே கம்பெனியுடையது என்னும்போது அந்தப் பணம் யார் கைக்குப் போகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்க. கூச்சப்படாதீங்க.

ஷெட் பக்கத்தில் வீட்டு நாட்டுக்கோழியை மேயவிடாதீங்க. கிருமியைச் சுமக்கக்கூடிய காட்டுப் பறவைகள் கூந்தன்குளம் சரணாலயத்துக்கு வருவதை யாரும் தடுக்க முடியாது, உங்க ஷெட்டுக்குள் காக்கா வராமல் வலை கட்ட முடியும்.

அம்மா நகை இப்போது பீரோவிலேயே இருக்கட்டும். அந்த ஒரு லட்சமும் கரைந்த பிறகு யோசிக்கலாம்.