50 மீட்டரில் குரூப் ஏன் உயரவாக்கில் நீள்கிறது?

கேள்வி: என்னிடம் 9 மி.மீ. பிசிபி ஏர் ரைஃபிள் (சிலிண்டரில் உயர் அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பிச் சுடுவது) இருக்கிறது. 25 மீட்டரில் குண்டுகள் எல்லாம் ஒன்றையொன்று தொட்டபடி விழுகின்றன. 50 மீட்டரில் அதே பெல்லட் (ஈயக் குண்டு), அதே ஸ்கோப். ஆனால் பத்து குண்டு சுட்டால் குரூப், அதாவது அட்டையில் விழும் ஓட்டைகளின் கூட்டம், உயரவாக்கில் 7 செ.மீ. நீண்டுவிடுகிறது. அகலம் 3 செ.மீ.தான். 220 பார் (அழுத்தத்தின் அலகு) வரை காற்று நிரப்பி, 120-க்கு இறங்கும்வரை சுடுகிறேன். ஸ்கோப்பை மாற்றுவதா, பெல்லட்டை மாற்றுவதா, இல்லை இன்னும் பெரிய .45 அங்குல கலிபருக்கே (குழல் விட்டம்) போய்விடலாமா? போகப் போக 100 மீட்டரில் சுட வேண்டும் என்று ஆசை.

பதில்: ஸ்கோப், பெல்லட், புது ரைஃபிள் மூன்றையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உயரம் 7, அகலம் 3 என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஸ்கோப் ஆடினாலோ பெல்லட் பேரலுக்குச் சேராவிட்டாலோ குண்டுகள் பெரும்பாலும் எல்லாப் பக்கமும் சிதறும். மேலும் கீழுமாக மட்டும் நீண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது குண்டின் வேகத்தைத்தான். அடுத்த முறை சுடும்போது ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் அது எத்தனையாவது குண்டு என்று எழுதிக்கொண்டே வாருங்கள். முதல் ஒன்றிரண்டு சற்றுக் கீழே, அடுத்த சில மேலே கூட்டமாக, அதற்கப்புறம் ஒவ்வொன்றும் படிப்படியாக இறங்கியபடி இருக்கும் என்பது என் கணிப்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 81 கிரெய்ன், அதாவது 5.25 கிராம் பெல்லட் வினாடிக்கு 270 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 மீட்டர் போய்ச் சேர ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். அதற்குள் புவியீர்ப்பு அதைச் சுமார் 19 செ.மீ. கீழே இழுத்திருக்கும். வேகம் 240 ஆகக் குறைந்தால் அதே தூரத்தில் 24 செ.மீ. இறங்கும். உங்கள் 7 செ.மீ. உயரத்தில் 5 செ.மீ. இப்படியே வந்துவிடும். 25 மீட்டரில் இதே வேக வித்தியாசம் 1 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 9 மி.மீ. குண்டு போடும் ஓட்டையே கிட்டத்தட்ட அந்த அளவு என்பதால் ஓட்டைகள் தொட்டுக்கொண்டு நிற்கும், குரூப் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். 4.5 மி.மீ. துப்பாக்கியில் இதே குறை 25 மீட்டரிலேயே கண்ணில் பட்டிருக்கும். அதனால் குரூப்பை எப்போதும் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து, ஒரு குண்டின் விட்டத்தைக் கழித்து எழுதுங்கள். இப்படியே 100 மீட்டருக்குப் போனால் அந்த 5 செ.மீ. 22 செ.மீ. ஆகிவிடும்.

வேகம் ஏன் இவ்வளவு மாறுகிறது? ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் ஒரு குண்டுக்குக் கொடுக்கும் ஆற்றல் 7, 8 ஜூல். மேலே சொன்ன பெல்லட் 190 ஜூலோடு கிளம்புகிறது. 20 மடங்குக்கும் மேல். ஒவ்வொரு முறை சுடும்போதும் சிலிண்டரிலிருந்து அவ்வளவு காற்று போகிறது, அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. இது புதிய சிக்கல் இல்லை. 1780-களில் ஆஸ்திரிய ராணுவம் பயன்படுத்திய ஜிரார்டோனி காற்றுத் துப்பாக்கியிலும் காற்று குறையக் குறைய வீச்சு குறைந்தது. நிரப்பிய காற்றுக்கலங்களைக் கூடவே எடுத்துப்போய் மாற்றிக்கொண்டார்கள்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. காற்றைக் கூடுதலாக நிரப்பினால் வேகமும் கூடும் என்று நினைக்கிறோம். ரெகுலேட்டர் (வால்வுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி) இல்லாத பிசிபியில் வால்வை மூடிப் பிடித்திருப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் அழுத்தமேதான். அழுத்தம் மிக அதிகமாக இருந்தால் ஹேமர் (வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தி) தட்டினாலும் வால்வு கொஞ்சமே திறந்து உடனே மூடிக்கொள்ளும். குண்டு மெதுவாகப் போகும். அழுத்தம் சற்று இறங்கியதும் வால்வு நன்றாகத் திறக்கும், வேகம் உச்சத்தைத் தொடும். அதன்பின் தள்ளுவதற்குப் போதுமான காற்று இல்லாமல் வேகம் விழத் தொடங்கும். வரைந்து பார்த்தால் நடுவில் ஒரு மேடு தெரியும். உங்கள் ரைஃபிள் நன்றாகச் சுடுவது அந்த மேட்டில் மட்டும்தான். நீங்கள் மேட்டுக்கு முன்னும் பின்னும் சேர்த்துச் சுடுகிறீர்கள்.

எனவே எதையாவது வாங்குவதென்றால் குண்டின் வேகத்தை அளக்கும் ஒரு குரோனோகிராஃப் வாங்குங்கள். 220 பாரில் தொடங்கி ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் கேஜில் காட்டும் அழுத்தம், பின்னால் வேகம் என்று நோட்டில் எழுதுங்கள். நிரப்பும்போது காற்று சூடாகும். ஆறியதும் அழுத்தம் இறங்கும். ஆகவே மெதுவாக நிரப்பி, சில நிமிடம் விட்டுவிட்டுச் சுடுங்கள். துப்பாக்கியில் இருக்கும் சின்ன கேஜ் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கடைசிவரை அதே கேஜைப் பார்த்தால் போதும். அப்புறம் அந்தப் பட்டியலில் அதிகபட்ச வேகத்துக்கும் குறைந்தபட்ச வேகத்துக்கும் இடையே வித்தியாசம் வினாடிக்கு 5 மீட்டருக்கு மேல் போகாத பகுதியைக் கண்டுபிடியுங்கள். உதாரணத்துக்கு, 195 பாரில் தொடங்கி நான்கு குண்டு என்று வரலாம். அப்படியானால் இனிமேல் 195 வரைதான் நிரப்ப வேண்டும், நான்கு சுட்டதும் நிறுத்த வேண்டும். அந்த வேக வித்தியாசம் 50 மீட்டர் தூரத்தில் 1 செ.மீ.க்கும் குறைவாகவும், 100 மீட்டரில் 3 செ.மீ. சொச்சமாகவும் தெரியும். நான்கு குண்டுக்கு ஒருமுறை நிரப்புவது அலுப்பான வேலைதான். பெரிய கலிபரில் துல்லியம் வேண்டுமென்றால் இதற்குப் பழகித்தான் ஆக வேண்டும்.

ரெகுலேட்டர் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். போடலாம். ஆனால் அதற்கும் வால்வுக்கும் இடையே ஒரு குண்டுக்குத் தேவையான காற்றைத் தேக்கும் அளவுக்கு இடம் வேண்டும். அது சிறியதாக இருந்தால் வேகம் சீராகும், சக்தி போய்விடும். முதலில் மேட்டைக் கண்டுபிடியுங்கள், அது போதவில்லை என்றால் ரெகுலேட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

வேகம் சீரானதும் மிச்சமிருக்கும் சிதறலுக்குப் பெல்லட்டைப் பாருங்கள். வெடிமருந்து போல அழுத்தி ஈயத்தை விரித்துப் பேரலில் நிரப்பும் பலம் காற்றுக்குக் கிடையாது. அதனால் குண்டின் அளவு தொடக்கத்திலேயே பொருந்த வேண்டும். 9 மி.மீ. என்று சொல்லும் துப்பாக்கிகளுக்கு .356, .357, .358 அங்குலம் என்று பல அளவில் குண்டு கிடைக்கிறது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் 0.025 மி.மீ.தான், அதுவே குரூப்பை மாற்றிவிடும். காற்று முழுவதையும் வெளியேற்றிவிட்டு, ஒரு மெது ஈயக் குண்டைப் பேரலுக்குள் கம்பியால் மெல்லத் தள்ளி மறுபக்கம் எடுத்துப் பாருங்கள். ரைஃப்லிங் (பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகள்) தடம் சுற்றிலும் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தால் அளவு சரி. ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தாலோ, தள்ளும்போது தளர்ந்து ஓடினாலோ அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள். பெல்லட்டின் பாவாடைப் பகுதி, அதாவது பின்பக்கம் விரிந்த விளிம்பு, மெல்லியது, டப்பாவுக்குள்ளேயே நசுங்கும். கண்ணாடித் தட்டில் உருட்டிவிட்டால் நசுங்கியது தத்தித் தத்தி ஓடும், அதை ஒதுக்கிவிடுங்கள்.

100 மீட்டருக்கு ஸ்லக் (இடுப்பு இல்லாத, தோட்டா வடிவக் குண்டு) நல்லது என்று பலர் சொல்வார்கள். காற்றுத் தடையை அது நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பெல்லட் இடுப்பு வடிவத்தால் நிலைக்கிறது. ஸ்லக் சுழற்சியை மட்டுமே நம்பியிருக்கிறது. உங்கள் பேரலின் ட்விஸ்ட் (குண்டைச் சுழற்றும் வரிகளின் முறுக்கு) அதற்குப் போதாவிட்டால் அட்டையில் ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விழும். அப்படித் தெரிந்தால் அந்த ஸ்லக் வேண்டாம்.

உங்கள் 3 செ.மீ. அகலத்துக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று சாய்வு. துப்பாக்கியை 3 டிகிரி பக்கவாட்டில் சாய்த்தால் 100 மீட்டரில் குண்டு 4 செ.மீ.க்கு மேல் விலகும். கண்ணுக்கு அந்தச் சாய்வு தெரியாது. ஸ்கோப்பில் ஒரு குமிழ் மட்டம் பொருத்துங்கள். இன்னொன்று காற்று. வினாடிக்கு 3 மீட்டர் பக்கக் காற்று, முகத்தில் லேசாகப் படுகிற அளவுதான், 50 மீட்டரில் இந்தப் பெல்லட்டை 3 செ.மீ. தள்ளும். 100 மீட்டரில் அது 14 செ.மீ. ஆகும். தூரம் இரட்டித்தால் விலகல் நான்கு மடங்குக்கும் மேல். இலக்குக்குப் பக்கத்தில் மட்டுமில்லை, பாதி வழியிலும் ஒரு ரிப்பன் கட்டி வையுங்கள்.

இந்தக் கலிபரில் உதைப்பும் உண்டு, குண்டு பேரலை விட்டு வெளியேறும் முன்பே அது தொடங்கிவிடும். எனவே மணல்பையின் மேல் ஸ்டாக்கின் (துப்பாக்கியின் கட்டை) ஒரே இடம் ஒவ்வொரு முறையும் அமர வேண்டும். பேரலையோ சிலிண்டரையோ பையில் வைக்கக் கூடாது. ட்ரிகரை இழுத்தபின் ஒரு மூச்சு நேரம் அப்படியே பிடித்திருங்கள்.

மூன்று குண்டு சுட்டுப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதே துப்பாக்கியில் 10 குண்டு குரூப் சராசரியாக 3 குண்டு குரூப்பைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் பெரிதாக வரும். மேட்டில் நான்குதான் கிடைக்கிறது என்றால் மறுபடி நிரப்பி, அதே அட்டையில் பத்து வரும்வரை சுடுங்கள்.

இனி .45. ஒரு குண்டுக்கு இன்னும் அதிகக் காற்று, இன்னும் குறைவான ஷாட், இன்னும் பலமான உதைப்பு. இப்போது உங்களைத் தொந்தரவு செய்யும் எல்லாமே அதில் பெரிதாகும். 9 மி.மீ.யில் 50 மீட்டரில் பத்து குண்டை 3 செ.மீ.க்குள் போட்டுவிட்டு அதைப் பற்றி யோசியுங்கள்.

100 மீட்டருக்குப் போகும் முன் இரண்டு விஷயம். சிலிண்டரில் சுத்தமான உலர்ந்த காற்று மட்டும்தான் போக வேண்டும். ஆக்சிஜனை ஒருபோதும் நிரப்பாதீர்கள், உயர் அழுத்தப் பகுதியில் பெட்ரோலிய எண்ணெய் போடாதீர்கள், இரண்டும் வெடிக்கும். அடுத்து, 4.5 மி.மீ.க்குச் செய்த பெல்லட் பெட்டி 190 ஜூலைத் தாங்காது. இலக்குக்குப் பின்னால் கல் இல்லாத கனமான மண்மேடு இருக்க வேண்டும், ஸ்கோப்பில் தெரியும் இடம் முழுவதையும் அது மறைக்க வேண்டும். இந்த சக்தியுள்ள ஏர் ரைஃபிளுக்குப் பல நாடுகளில் உரிமம் தேவை என்பதால், உங்கள் இடத்துச் சட்டத்தையும் அந்த மைதானத்தின் அனுமதியையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.